பால் இல்லை சரி, கொட்டை யாருடையது?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். பால், தயிர், நெய் மூன்றையும் விட்டு இரண்டு வருடம் ஆகிறது. நான்காவது படிக்கும் மகளுக்கு மார்ச் மாதம் பிறந்தநாள். வகுப்பில் 38 பேர். எல்லோருக்கும் சாக்லேட்தான் கொடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். போன மாதம் ஆப்பிரிக்காவில் கோகோ தோட்டத்தில் சின்னப் பிள்ளைகள் வேலை செய்யும் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, "நாம வாங்குற சாக்லேட்டும் அவங்க உடைச்சுக் கொடுத்ததாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. டார்க் சாக்லேட்டில் பால் இருக்காது என்று மாமனார் சொன்னதை நம்பி வாங்கினால், பின்னட்டையில் ஏதேதோ எழுதியிருக்கிறது. ஒன்றில் தவளைப் படம், ஒன்றில் ஆர்கானிக், ஒன்றில் வீகன். எதைப் பார்த்து வாங்குவது? வகுப்பில் ஒரு பையனுக்குப் பால் ஒவ்வாமை என்றும் ஆசிரியை சொன்னார். விலையும் கையைக் கடிக்கக் கூடாது.
ஒரு வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் சாக்லேட் விற்கிறவன்தான். பதினோரு வருடம் ஒரு பெரிய தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருந்தேன். இப்போது ஆனைமலைப் பக்கம் கோகோ கொட்டை வாங்கி, சின்ன அளவில் சாக்லேட் செய்கிறேன். அதனால் என் சரக்கின் பெயர் இந்தப் பதிலில் வராது. மற்றவர்களைப் பற்றி நான் சொல்வதையும் ஒரு வியாபாரியின் வாயிலிருந்து வருகிறது என்ற நினைப்போடே படியுங்கள்.

மகளின் கேள்விக்கு நேர்மையான பதில், "தெரியாது கண்ணு, இருக்கலாம்" என்பதுதான். பெட்டிக்கடையில் வாங்கும் சாக்லேட் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இது எந்தத் தோட்டத்துக் கொட்டை என்று யாராலும் சொல்ல முடியாது. உலகத்தில் விளையும் கோகோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் இரண்டே நாடுகளில், ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைகிறது. இந்தியாவில் கேரளம், ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு எல்லாம் சேர்ந்து வருடத்துக்குச் சுமார் 30,000 டன். நாம் தின்கிற அளவுக்கு அது போதாது. மீதி கொட்டையாகவோ, கோகோ பட்டராகவோ, பவுடராகவோ கப்பலில் வருகிறது. தொழிற்சாலையில் எல்லாம் ஒன்றாக அரைபடுகிறது.

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்க் ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கைதான் இந்த விஷயத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. 2018-19 பருவத்தில் அந்த இரண்டு நாடுகளிலும் கோகோ வேலையில் இருந்த குழந்தைத் தொழிலாளர்கள் 15.6 லட்சம் பேர் என்று அது கணக்கிட்டது. இவர்களில் பெரும்பாலானவர்கள் சொந்த வீட்டுத் தோட்டத்தில் அப்பா அம்மாவோடு வேலை செய்கிறவர்கள். வெட்டுக்கத்தியால் காய் உடைப்பது, வயதுக்கு மீறிய மூட்டை தூக்குவது, மருந்தடிக்கும் இடத்தில் நிற்பது இதெல்லாம்தான் அந்த வேலை. மாலி, புர்கினா ஃபாசோ மாதிரி பக்கத்து நாடுகளிலிருந்து ஆள்பிடித்துக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளும் உண்டு. எண்ணிக்கையில் அவர்கள் குறைவு, கொடுமையில் அல்ல.

கம்பெனிகளுக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. 2001இலேயே அமெரிக்காவில் ஹார்கின், எங்கல் என்ற இரண்டு மக்கள் பிரதிநிதிகள் முன்னின்று, குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்களை 2005க்குள் ஒழிக்கிறோம் என்று பெரிய சாக்லேட் கம்பெனிகளிடம் கையெழுத்து வாங்கினார்கள். 2005 போய் 2008 ஆனது, 2008 போய் 2010 ஆனது. அப்புறம் ஒழிப்பது என்பதே மாறி, 2020க்குள் 70 சதவீதம் குறைப்பது என்றானது. அந்த 2020இல் வந்ததுதான் மேலே சொன்ன அறிக்கை.

ஏன் ஒழியவில்லை? ஆய்வகத்தில் இருந்தவரை எனக்கும் இது புரியவில்லை. கொட்டை வாங்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. விலை. 2023 அக்டோபரில் பருவம் தொடங்கும்போது ஐவரி கோஸ்ட் அரசு, விவசாயிக்குக் கிலோவுக்கு 1,000 சிஎஃப்ஏ பிராங்க் என்று விலை வைத்தது. நம் பணத்தில் 140 ரூபாய்க்கும் குறைவு. அந்தப் பருவத்தில் மழை கெட்டது. காய் அழுகலும், தண்டு வீங்கி மரத்தையே சாகடிக்கும் வைரஸ் நோயும் சேர்ந்துகொள்ள விளைச்சல் விழுந்தது. 2024 மார்ச் கடைசியில் உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டியது, அதாவது கிலோ 800 ரூபாய்க்கு மேல். ஆனால் அரசு பெரும்பாலான சரக்கைப் பழைய விலைக்கு முன்கூட்டியே விற்றுவிட்டிருந்தது. ஏப்ரலில் விவசாயிக்கு 1,500 பிராங்க் என்று உயர்த்தினார்கள், ஏறக்குறைய 200 ரூபாய். அதே சமயத்தில் நம் இடுக்கியில் காய்ந்த கொட்டை கிலோ ஆயிரம் ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரே கொட்டை, ஒரே மாதம். கூலிக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாத தோட்டத்தில் வீட்டுப் பிள்ளைதான் கத்தியைத் தூக்கும்.

அதனால் நான் சாக்லேட்டைப் பற்றி முதலில் கேட்பது எந்த நாடு என்று அல்ல, கொட்டைக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை. நாட்டைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கும் பழக்கத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. நூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தின் காட்பரி, போர்த்துகீசியர் வசமிருந்த சாவோ தோமே தீவிலிருந்து கோகோ வாங்கிக்கொண்டிருந்தது. அங்கோலாவிலிருந்து அடிமைகளைப் போலவே கொண்டுவரப்பட்ட ஆட்கள் அங்கே வேலை செய்கிறார்கள் என்று வெளியே தெரிந்து, பல வருட இழுபறிக்குப் பிறகு 1909இல் அந்தத் தீவின் கோகோவை நிறுத்தியது. அதற்குப் பதிலாக அது போன இடம், சொந்த நிலத்தில் சிறு விவசாயிகள் கோகோ வைத்திருந்த கோல்ட் கோஸ்ட். அந்தக் கோல்ட் கோஸ்ட்தான் இன்றைய கானா. அன்றைக்குச் சுத்தமான ஊர் என்று தேடிப்போன ஊரைத்தான் இன்றைக்கு உங்கள் மகள் வீடியோவில் பார்த்திருக்கிறாள்.

சரி, உங்கள் கையில் இருக்கும் பட்டைக்கு வருவோம். பால் இருக்கிறதா இல்லையா என்பது இதில் சுலபமான பகுதி.

மாமனார் சொன்னது பாதி சரி. டார்க் சாக்லேட்டுக்குப் பால் தேவையில்லை. ஆனால் சேர்க்கக் கூடாது என்றும் இல்லை. கசப்பை மழுக்கவும், விலையைக் குறைக்கவும், சாக்லேட் வெளிறிப்போகாமல் இருக்கவும் பால் கொழுப்பு சேர்ப்பார்கள். பின்னட்டையில் மில்க் சாலிட்ஸ், மில்க் ஃபேட், பட்டர் ஆயில், வே பவுடர், லாக்டோஸ் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அது மாட்டிலிருந்து வந்ததுதான். கோகோ பட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது கொட்டையைப் பிழிந்து எடுக்கும் கொழுப்பு, வெண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோகோ லிக்கர் என்று போட்டிருப்பதைப் பார்த்து மது என்று நினைத்து ஒருவர் எனக்குப் பட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அரைத்த கொட்டையின் கூழுக்குத்தான் தொழிலில் அந்தப் பெயர்.

பச்சைப் புள்ளி உங்களுக்கு உதவாது. அது சைவம் என்று மட்டும்தான் சொல்கிறது. நம் சட்டத்தில் பால், தேன், தேன்மெழுகு எல்லாம் சைவக் கணக்கு. பளபளவென்று இருக்கும் உருண்டை சாக்லேட்டுகளின் மேல் பூசும் ஷெல்லாக்கும், அதாவது அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினும், பச்சைப் புள்ளியோடு வரலாம். எண் 904 என்று இருக்கும். 901 என்றால் தேன்மெழுகு. 322 என்பது லெசித்தின், உருகிய சாக்லேட் எளிதில் ஓடச் சேர்ப்பது. பெரும்பாலும் சோயாவிலிருந்து, இல்லாவிட்டால் சூரியகாந்தியிலிருந்து எடுப்பார்கள். அது உங்களுக்குப் பிரச்சினை இல்லை.

வீகன் என்ற சொல்லுக்கு இப்போது இந்தியாவில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வீகன் உணவுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. வீ என்ற ஆங்கில எழுத்தோடு துளிர் வைத்த பச்சை முத்திரை அதற்குரியது. அது இருந்தால் பொருளிலும், செய்யும்போது பயன்படுத்தியவற்றிலும் விலங்கிலிருந்து வந்தது எதுவும் இல்லை என்று கம்பெனி பொறுப்பேற்கிறது. முத்திரை இல்லாத சின்னத் தயாரிப்பாளர்களும் வீகனாகவே செய்யலாம், பின்னட்டை படித்தால் தெரிந்துவிடும். சர்க்கரையைப் பற்றி வெளிநாட்டு வீகன் நண்பர்கள் பயமுறுத்தியிருப்பார்கள். அமெரிக்காவில் சில ஆலைகள் கரும்புச் சர்க்கரையை வெளுக்க மாட்டெலும்புக் கரியைப் பயன்படுத்துவது உண்மை. நம் ஊர் ஆலைகளில் வழக்கமான முறை சுண்ணாம்பும் கந்தகப் புகையும்தான்.

அந்தப் பையனின் பால் ஒவ்வாமை இதிலிருந்து வேறுபட்ட விஷயம். இதை வீகன் கணக்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'பால் இருக்கலாம்' என்று அட்டையில் இருந்தால், கொள்கைக்காகப் பாலை விட்ட உங்களுக்குப் பாதகமில்லை. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது ஆபத்து. ஏன் என்று சொல்கிறேன். தொழிற்சாலையில் சாக்லேட் ஓடும் இயந்திர வரிசையைத் தண்ணீர் விட்டுக் கழுவ முடியாது. ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், சாக்லேட் கட்டிப்பட்டுக் குழாயை அடைத்துவிடும். அதனால் பால் சாக்லேட் ஓட்டி முடித்ததும், டார்க் சாக்லேட்டையே விட்டுத் தள்ளித்தான் குழாயைச் சுத்தம் செய்வார்கள். நான் வேலை பார்த்த ஆய்வகத்தில், தள்ளிவிட்டு வெகு நேரம் கழித்து எடுத்த மாதிரியிலும் பால் புரதம் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015இல் வெளியிட்ட சோதனையில், பொருள் பட்டியலில் பாலே இல்லாத டார்க் சாக்லேட்டுகளில் பாதிக்கு மேல் பால் அகப்பட்டது. எனவே, வீகன் முத்திரை இருந்தாலும்கூட, அந்தப் பையனின் அம்மாவிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். பால் உள்ளேயே வராத பட்டறையில் செய்ததா என்று தயாரிப்பாளரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

விலை குறைந்த பட்டைகளில் இன்னொன்றையும் பாருங்கள். கோகோ பட்டருக்குப் பதிலாகப் பாமாயில் வகைக் கொழுப்பைப் போட்டது சாக்லேட்டே அல்ல, அதற்குக் கம்பவுண்ட் என்று பெயர். நம் வெயிலில் உருகாமல் கடையில் உட்கார்ந்திருக்க அது வசதி. பால் இல்லாத கம்பவுண்டும் கிடைக்கும், வீகன்தான். ஆனால் ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்காகக் கவலைப்பட்டுவிட்டு பாமாயில் தோட்டத்துக்காக அழியும் இந்தோனேசியக் காட்டைக் கேட்காமல் விடுவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் வாங்குவதில்லை. ருசிக்காகவும்தான்.

இப்போது தவளை. அது ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் என்ற அமைப்பின் முத்திரை. காடு, பூச்சிமருந்து, தொழிலாளர் நிலை என்று பலவற்றைத் தணிக்கை செய்கிறார்கள். சந்தை விலைக்கு மேல் ஒரு தொகை விவசாயிக்குத் தர வேண்டும் என்கிறார்கள். ஆனால் விலை விழுந்தால் தாங்கிப்பிடிக்கும் அடிவிலை எதுவும் அதில் இல்லை. ஃபேர்டிரேட் என்ற நியாய வணிக முத்திரையில் அது உண்டு. சந்தை எவ்வளவு இறங்கினாலும் இதற்குக் கீழே வாங்கக் கூடாது என்று ஒரு விலை, அதற்கு மேல் விவசாயிகளின் சங்கத்துக்கு ஒரு பிரீமியம். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் ஃபேர்டிரேட்டை எடுப்பேன். ஆர்கானிக் என்பது மருந்தும் உரமும் பற்றிய பேச்சு, கூலியைப் பற்றியதல்ல.

இரண்டு முத்திரையிலுமே ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைப் பலர் சொல்வதில்லை. கோகோவுக்கு 'மாஸ் பேலன்ஸ்' என்ற கணக்கை அனுமதிக்கிறார்கள். பால் சொசைட்டியை நினைத்துக்கொள்ளுங்கள் (உங்களிடம் போய்ப் பால் உதாரணம், மன்னிக்கவும்). நீங்கள் பத்து லிட்டர் நல்ல பால் ஊற்றுகிறீர்கள், அது கேனில் எல்லார் பாலோடும் கலந்துவிடுகிறது. மறுபக்கம் வேறொருவர் பத்து லிட்டரை 'நல்ல பால்' என்று சீட்டு ஒட்டி எடுத்துப்போகிறார். கணக்கு நேர், விவசாயிக்குப் பணமும் போய்ச் சேர்ந்தது, ஆனால் உங்கள் டம்ளரில் இருப்பது அந்தப் பால்தான் என்று சொல்ல முடியாது. முத்திரையுள்ள பட்டையில் இருக்கும் கோகோவும் பல சமயம் அப்படித்தான். பணம் போய்ச் சேர்கிறது என்பதற்காக அது நல்லதே. ஆனால் "அந்தப் பிள்ளைகள் உடைத்ததா?" என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அதனால்தான் கேட்டு வாங்குங்கள் என்கிறேன். கலிபோர்னியாவில் ஃபுட் எம்பவர்மெண்ட் ப்ராஜெக்ட் என்ற வீகன் அமைப்பு பல வருடமாக இதையே செய்கிறது. கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டு, பதில் சொன்னவர், மழுப்பியவர், வாயே திறக்காதவர் என்று பிரித்துப் பட்டியல் போடுகிறது. குழந்தை உழைப்பு பரவலாக இருக்கும் மேற்கு ஆப்பிரிக்கப் பகுதிகளிலிருந்து கோகோ வாங்குகிறவர்களைப் பெரும்பாலும் பரிந்துரைப்பதில்லை. அவர்களுடைய உழைப்பை மதிக்கிறேன். நாட்டை வைத்து ஒதுக்குவதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை என்பதை மேலேயே சொன்னேன். கானாவில் குவாப்பா கோக்கூ என்ற விவசாயிகள் சங்கம் 1993இல் தொடங்கியது. இங்கிலாந்தின் டிவைன் சாக்லேட்டில் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஃபேர்ஆஃப்ரிக் என்ற கம்பெனி கானாவிலேயே ஆலை வைத்து, கொட்டையை ஏற்றுமதி செய்யாமல் பட்டையாகவே செய்து அனுப்புகிறது. ஐரோப்பாவில் இருக்கும் வாசகர்களுக்கு இவை எட்டும். பாலுள்ளவையும் இருக்கலாம், பார்த்து எடுக்க வேண்டும்.

என்ன கேட்பது? கம்பெனியின் வாட்ஸாப்புக்கோ மின்னஞ்சலுக்கோ இரண்டு வரி போதும்: இந்தப் பட்டையின் கொட்டை எந்த ஊர், யாரிடம் வாங்கியது? போன பருவத்தில் கிலோவுக்கு என்ன விலை கொடுத்தீர்கள், அப்போது சந்தை விலை என்ன? பதிலின் தொனியே பாதி சொல்லிவிடும். "நாங்கள் நிலைத்த வளர்ச்சிக்கு உறுதிபூண்டிருக்கிறோம்" என்று வந்தால் அவர்களுக்குத் தெரியவில்லை அல்லது சொல்ல விருப்பமில்லை. "உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே நான்கு தோப்பு, பச்சைக் கொட்டையாக எடுத்து நாங்களே புளிக்கவைக்கிறோம், போன மார்கழியில் இன்ன விலை" என்று வந்தால் அவரிடம் வாங்கலாம். விலையைச் சொல்லக் கூச்சப்படுகிறவர் எல்லோரும் கள்ளர் அல்ல, வியாபார ரகசியம் என்று நினைப்பார். ஊரைச் சொல்லவே தயங்கினால் யோசியுங்கள்.

உங்கள் அதிர்ஷ்டம், நீங்கள் இருப்பது கோவை. ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் பொள்ளாச்சி, அதைத் தாண்டி ஆனைமலை. தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராகக் கோகோ நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். காய் கிளை நுனியில் தொங்காது, பலாவைப் போல அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். உடைத்தால் வெள்ளைச் சதைக்குள் கொட்டை. அதைப் பெட்டியில் ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, அப்புறம் வெயிலில் காயப்போடுவார்கள். சாக்லேட் வாசனைக்கு அடித்தளம் விழுவது அந்தப் புளிப்பில்தான், பிறகு வறுக்கும்போது அது வெளியே வரும். மகளை ஒரு சனிக்கிழமை கூட்டிப்போய்க் காட்டுங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் பல தோப்புக்காரர்கள் முகம் சுளிக்காமல் காட்டுவார்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் சோக்லெட் என்ற பெயரில் தங்கள் தோட்டத்துக் கோகோவையே பட்டையாக்குகிறார்கள். ஆரோவில்லில் மேசன் அண்ட் கோ தென்னிந்திய ஆர்கானிக் கொட்டையில் பாலில்லாத டார்க் சாக்லேட் செய்யத் தொடங்கி பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட காம்ப்கோ, 1973இல் பாக்கு விவசாயிகள் கூடி அமைத்த கூட்டுறவு. கோகோ வாங்குவதற்கு ஆளில்லாமல் விவசாயிகள் தவித்த காலத்தில் வாங்க ஆரம்பித்து, 1986இல் புத்தூரில் சொந்த ஆலையே போட்டார்கள். அவர்கள் வீகன் கம்பெனி அல்ல, பால் சரக்கே அதிகம். ஆனால் விவசாயிக்கே சொந்தமான ஆலையின் கோகோ பவுடர் நியாயமான விலைக்குக் கிடைக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. மூவரிடமும் மேலே சொன்ன கேள்வியைக் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

உள்ளூர் என்றதும் கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். கோகோவில் குழந்தை உழைப்பு இருக்கும் நாடுகள் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறை வைத்திருக்கும் பட்டியலில் இந்தியா இல்லை. அதற்காக நம் தோப்பில் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. காய் உடைக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது, ஆண் கூலியை விட அவர்கள் கூலி குறைவு. கொட்டை விலை ஆயிரத்துக்குப் போனபோதும் அது கூடவில்லை என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். நம்மிடம் விலை வைக்க வாரியம் கிடையாது. சந்தை ஏறினால் தோப்புக்காரருக்கு லாபம், இறங்கினால் மரத்தை வெட்டிவிட்டு ஜாதிக்காய் வைப்பார். 2024க்குப் பிறகு விலை இறங்கியபோது அந்தப் பேச்சு எங்கள் பக்கம் கேட்கத் தொடங்கிவிட்டது.

வீகன் என்பதால் உங்களுக்கு இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. கோகோப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது தேனீ அல்ல, உதிர்ந்த இலைக் குப்பையில் வாழும் கொசு மாதிரி ஒரு பொடி ஈ. தோப்பைப் பெருக்கித் துடைத்து வைத்தால் காய் பிடிக்காது. அதே தோப்பில் அணிலும் எலியும் பழுத்த காயை ஓட்டை போட்டுச் சதையைத் தின்னும், சிலர் பொறி வைக்கிறார்கள், சிலர் விஷம் வைக்கிறார்கள். காய் பழுத்ததும் மரத்தில் விடாமல் பறித்துவந்தால் சேதம் குறையும், அதற்குக் கூலி கூடும். நான் வாங்கும் இடத்தில் விஷம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்தக் கூடுதல் கூலியை விலையில் சேர்த்துக் கேட்டார்கள், கொடுக்கிறேன். எந்த முத்திரையிலும் அணிலுக்கு இடம் இல்லை.

பிறந்தநாளுக்கு வருகிறேன். இப்படித் தேடிப் பிடித்த பட்டைகள், ஐம்பது அறுபது கிராமே இருநூறு ரூபாயைத் தாண்டும். 38 பட்டை வாங்கினால் கை கடிக்காது, விழுங்கிவிடும். வாங்காதீர்கள். பிள்ளைக்குப் பதினைந்து கிராம் போதும், மொத்தம் 570 கிராம். இதே தயாரிப்பாளர்கள் பலர் பேக்கரிக்காரர்களுக்காகக் கிலோக் கணக்கில் டார்க் சாக்லேட் விற்கிறார்கள், கிராம் கணக்கில் பார்த்தால் பட்டையை விட நன்றாகக் குறையும். 55 முதல் 60 சதவீதக் கோகோ என்று கேளுங்கள். எழுபது சதவீதம் உங்களுக்குப் பிடிக்கும், ஒன்பது வயதுக்குக் கசக்கும்.

சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் நீங்களே வார்க்கலாம். பொடியாக நறுக்கியதில் முக்கால் பங்கை, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில் உருக்குங்கள். 45 முதல் 50 டிகிரி வரை போகலாம். ஆவி உள்ளே இறங்கக் கூடாது, தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன். அடுப்பிலிருந்து இறக்கி, மீதிக் கால் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறிக்கொண்டே 28 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். திரும்பவும் லேசாகச் சூடுகாட்டி 31, 32இல் நிறுத்தி அச்சில் ஊற்றுங்கள். இந்த ஏற்ற இறக்கம் இல்லாமல் ஊற்றினால் பளபளப்பும் வராது, மேலே வெள்ளை படரும். அது கெட்டுப்போனது அல்ல, ஆனால் பிள்ளைகள் பூஞ்சை என்று சொல்லித் தூக்கிப் போட்டுவிடுவார்கள். மேலே முந்திரி, கடலை தூவாதீர்கள், ஒரு பிள்ளையின் ஒவ்வாமை தெரிந்திருக்கிறது, மற்றவர்களுடையது தெரியாது. பொரி தூவலாம்.

தெர்மாமீட்டர் எல்லாம் தலைவலி என்றால் கொட்டை நீக்கிய பேரீச்சையை அரைத்து, கோகோ பவுடர் பிசைந்து, உலர்ந்த தேங்காய்த்துருவலில் உருட்டிவிடுங்கள். மகள் அதைச் சாக்லேட் என்று ஒப்புக்கொள்வாளா என்பதற்கு நான் பொறுப்பல்ல. கோவில்பட்டிக் கடலைமிட்டாயை ஆலோசனையாகச் சொல்ல நினைத்தேன், கடலை ஒவ்வாமைக்குப் பயந்து விட்டுவிட்டேன்.

கோகோ பட்டர் 34 டிகிரியை ஒட்டி உருகிவிடும். மார்ச் மாதத்துக் கோவை மதியம் அதைத் தொட்டுவிடுகிறது. அதனால் முதல் நாள் இரவே வார்த்து, ஃப்ரிட்ஜில் இறுக்கமான டப்பாவில் வையுங்கள். காலையில் டப்பாவைத் திறக்காமலே வெளியே எடுத்து வைத்துவிட்டு, குளிர் விட்ட பிறகு திறங்கள், இல்லையென்றால் மேலே ஈரம் பூத்துவிடும். பழைய ஐஸ்கிரீம் தெர்மாகோல் பெட்டி இருந்தால் அதில் அடுக்குங்கள். மதிய இடைவேளைக்குக் காத்திருக்காமல் முதல் பீரியடிலேயே கொடுத்துவிட ஆசிரியையிடம் கேட்டுப் பாருங்கள்.